நான் எழுதாத மன்னிப்புக் கடிதம்

நான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வயது நாற்பத்து நாலு. புத்தி வந்திருக்க வேண்டிய வயது.

அது வெள்ளிக்கிழமை. ஒப்பந்தச் சட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்று என் பேரைச் சொன்னார். பிரின்ஸிபால் கூப்பிடுகிறார், உடனே வரணுமாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பின் அறுபது பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் என் மகனைவிடச் சின்னவர்கள். மிச்சம் நானும், கல்பாத்தியிலிருந்து வரும் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசரும்தான்.

பிரின்ஸிபால் மேஜையில் நாலு வருகைத் தாள் இருந்தது. எங்கள் வகுப்பில் பேர் கூப்பிட மாட்டார்கள். ஒரு தாளைச் சுற்றி அனுப்புவார்கள், அவரவர் பேருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் தாள். நாலிலும் என் பேருக்கு நேரே என் கையெழுத்து.

பிரின்ஸிபால் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன். எல்லையோர ஊர் அது, அங்கே இது சாதாரணம், ரெண்டு பேருக்கும் ரெண்டும் புரியும். இந்த நாலு நாளும் வகுப்பில் இருந்தீர்களா, இல்லை என்று ஒருவர் சொல்கிறாரே என்று கேட்டார்.

"இல்ல சார். ஊருல இருந்தேன்."

உண்மை அதுதான். அதற்கு முந்தின சனிக்கிழமை சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மாலை ஐப்பசி மழையில் மண் இடிந்து ரோட்டில் விழுந்தது. கரண்டு போனது, பஸ் நின்றது. வியாழக்கிழமை மத்தியானம்தான் வழி திறந்தார்கள். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறி நான் தங்கியிருந்த கொல்லங்கோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"அப்போ இதாருடெ ஒப்பு?" என்றார். இது யார் கையெழுத்து?

"தெரியாது சார்."

"நிங்ஙள்க்கு வேண்டி ஆரோ ஒப்பிட்டு, நிங்ஙள்க்கு அறியில்ல. அல்லே?"

உங்களுக்காக யாரோ போட்டார், உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எஸ்டேட் ஆபீசில் இருபத்தோரு வருடம் பார்த்த சிரிப்பு.

ஆள்மாறிக் கையெழுத்துப் போட வைத்தால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நாலு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்.

பரீட்சையை விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதே செமஸ்டரை அடுத்த வருடம்தான் எழுத முடியும், அதாவது ஒரு வருடம் போகும். எனக்கு ஒரு வருடம் கிடையாது. என் வீட்டுக்காரர் டீ ஃபாக்டரியில் உலர்த்தும் மெஷினில் வேலை. மூன்று வருடத்தில் ரிட்டயர் ஆகிறார். நாங்கள் இருக்கும் லயத்து வீடு, எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்தது, அவர் வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். நான் கொழுந்து பறிக்கும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவன் பாட்டைப் பார்க்கிறான். மூன்று வருடத்தில் நான் வக்கீலாகி வெளியே வந்தால் எங்காவது ஒரு வீடு பிடிக்கலாம். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லித்தான் வந்தேன். நாலு வருடம் என்றால் அந்தக் கணக்கு நிற்காது.

வெளியே வந்தேன். பேங்க் ஆபீசர் வராந்தாவில் நின்றார். அவரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியில் முதல் நாளே என்னிடம் வந்து பேசியவர் அவர் ஒருவர்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத இங்கிலீஷ் பத்திகளை வரி வரியாகப் பிரித்துச் சொல்வார். காசு பணத்துக்காகப் படிக்க வரவில்லை. வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று வந்தவர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அது முடியும், அவ்வளவுதான்.

"என்னாச்சு? என்ன சொன்னார் அந்த மனுஷன்?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானாக்கும் போட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"உங்க ஒப்ப. நாலு நாளும். பாவம், மலையில மாட்டிண்டிருக்கேள், அட்டெண்டன்ஸ் போயிடப்படாதேன்னு தோணித்து. பக்கத்துலதானே தாள் வரது, போட்டுட்டேன்."

"சார், நீங்க பேங்க்ல என்ன வேலை பாத்தீங்க?"

"அதாக்கும் கஷ்டம். முப்பத்து நாலு வருஷம் மத்தவா ஒப்ப நோக்கி, இது கள்ள ஒப்பு, இது நல்ல ஒப்புன்னு சொல்லிண்டிருந்தேன். ஒண்ணாவது போட்டுப் பாத்ததில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது. எழுந்து உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அவர்தான் யோசனை சொன்னார். "நான் போய்ச் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து பண்ணினோம்னுதான் எழுதுவார். அப்புறம் ரெண்டு பேரும் வெளியிலதான். நீங்கோ ஒரு அபாலஜி குடுத்துடுங்கோ. ஸ்த்ரீ, மலையிலேர்ந்து வரேள், மண்ணிடிச்சல்ல மாட்டிண்டேள். அவர் மனசு இளகும். அதோட தீந்தது."

"நான் என்னத்துக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்?"

"அது சும்மா ஒரு பேப்பராக்கும். பேங்க்ல கஸ்டமர் சண்டைக்கு வந்தா நாங்க முதல்ல ஒரு வருத்தக் கடிதம் குடுப்போம். யார் மேல தப்புன்னு அப்புறம் ஒருத்தனும் கேக்க மாட்டான். சாரமில்லை, கவலைப்படாதேங்கோ, நானே எழுதித் தரேன்."

லைப்ரரியில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் எழுதிவிட்டார். அச்சடித்த மாதிரி எழுத்து. எல்லா எழுத்தும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து வரிசையாக நிற்கும். இங்கிலீஷில் ஒரு பக்கம். இங்கிலீஷ் புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். புரிந்தது. என் சார்பில் வேறொருவரைக் கையெழுத்துப் போட வைத்ததற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று எழுதியிருந்தது. படித்தேன், போட்டேன். மூன்றரை மணிக்கு ஆபீசில் கொடுத்தேன். அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, "வெஷமிக்காதேங்கோ" என்றார். வருத்தப்படாதே என்று அர்த்தம். நானும் வருத்தப்படவில்லை. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. நீங்கள் எழுத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பதால், பரீட்சை எழுத ஏன் தடை விதிக்கக் கூடாது என்று புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால். அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். அதே வரியை நான் முன்பே ஒரு தடவை வாங்கியிருந்தேன்.

எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. தொரை என்று நாங்கள் சொல்லும் மேனேஜரிடமோ வேறு எந்த ஆபீசரிடமோ பேசப் போனால் முதலில் மன்னிப்புக் கேட்போம். தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லப் போனாலும், "தப்பா இருந்தாப் பொறுத்துக்கங்க தொரை" என்றுதான் ஆரம்பிப்போம். அது வணக்கம் மாதிரி. அதைச் சொல்லாமல் வாயைத் திறந்தால் திமிர் பிடித்தவள். என் அம்மாவும் அப்படித்தான் பேசினாள். நானும் பேசினேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கொழுந்து எடை போடும் இடத்தில் சூப்ரவைசரிடம் சண்டை போட்டேன். மழை ஈரம் என்று சொல்லி எடையில் அவன் இஷ்டத்துக்குக் கழித்தான். மழையே இல்லாத நாளில் கழித்தான். எல்லார் முன்னாலும் களவாணி என்று கத்தினேன். என் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்து உள் விசாரணை வைத்தார்கள். விசாரிக்க டவுனிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நான் எழுந்து, "தப்பா இருந்தாப் பொறுத்துக்கங்க ஐயா" என்று ஆரம்பித்தேன். அவர் பேனா ஓடியது. நான் மழையில்லாத நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் என்று எழுதி முடித்திருந்தார். பதினைந்து நாள் சஸ்பெண்ட். வெளியே வரும்போது அவரை மறித்துக் கேட்டேன். "நீங்க சொன்னதைத்தானம்மா எழுதினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அந்தப் பதினைந்து நாளில் முடிவு செய்ததுதான் இந்தப் படிப்பு. பிளஸ் டூவோடு நின்றிருந்தவள் தபாலில் பி.ஏ. முடித்தேன். நுழைவுத் தேர்வு ரெண்டு தடவை எழுதினேன். லயத்தில் என்னைக் கண்டாலே "வக்கீலம்மா, கொழுந்துக் கூடையக் கொஞ்சம் வாதாடி எறக்கி வையிங்க" என்று கேலி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் அதையே செய்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வாயால்கூட இல்லை, எழுத்தில்.

அன்று மாலை வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்குப் பின்னால் ஃபாக்டரிச் சத்தம் கேட்டது.

"தொரையக் கண்டா ஒனக்கு வாயி தன்னால கும்புடுதே புள்ள" என்றார்.

"கேலி பண்ணுற நேரமா இது?"

"கேலி இல்ல. மூணு வருசம்னு சொல்லிட்டுப் போன. நாலுன்னா நாம எங்க போயி இருக்கது? பஸ் ஸ்டாண்டுலயா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"என்னத்தப் பாப்ப? அந்தப் பெரிய மனுசன் போயிச் சொல்லுவானா?"

எனக்குத் தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறேன். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்தச் சோறு உங்குளுக்கு என்னங்க பண்ணுச்சு? யாரு மேல கோவமோ அவுங்க கிட்டப் போயிக் காட்டுங்க" என்றார். எழுந்து கையைக் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் பேங்க் ஆபீசரைப் பிடித்தேன். மெமோவை எடுத்து அவர் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தடவை வாசித்தார்.

"இப்படிப் போகும்னு நான் நெனைக்கலை" என்றார்.

"சரி. இப்ப நெனைங்க. நாளைக்கு நீங்க வந்து சொல்லணும்."

"அதெப்படி முடியும்? எம் பிள்ளை பேங்க்லதான் மேனேஜரா இருக்கான். மாப்பிள்ளை கோர்ட்ல பிராக்டீஸ் பண்றான். அப்பா கள்ள ஒப்புப் போட்டார்னு தெருவெல்லாம் பேசினா? அறுபது வயசுல எனக்கு இது தேவையா?"

"எனக்குத் தேவையா?"

"உங்களுக்கு நான் நல்லதுதானே பண்ண நெனைச்சேன்."

"நல்லது பண்ணச் சொல்லி நான் கேட்டனா சார்?"

பக்கத்து மேஜைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி, ஒரு வருடம்தானே போகும், அந்த வருடம் முழுக்க உங்களுக்கு நான் பாடம் சொல்லித் தருகிறேன் என்றார். அதுவரை எனக்கு அவர் மேல் பாதிக் கோபம்தான் இருந்தது. அந்த வார்த்தையில் முழுசும் வந்தது. ஒரு வருடம்தானே. அவருக்கு அது வெறும் ஒரு வருடம்.

எங்கள் லயத்தில் கூட வேலை செய்பவளை ஆபீசில் யாரும் காட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஒருத்தி மேல் கொழுந்துக் கூடையில் கல் போட்டாள் என்று பழி வந்தாலும், போட்டது யார் என்று தெரிந்த இருபது பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்தவள் நான். அதனால் எனக்கு இது சுலபமாக வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஒரே லயத்தில், ஒரே ஈரத்தில் இருப்பவர்களுக்குள் இருப்பது. இவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

"சார், ஒங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன். இன்னைக்கே சொல்லிருதேன். நாளைக்கு ஒங்க பேரச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா மரியாத ஒங்களுக்கு."

"மெரட்டறேளா?"

"ஆமா."

டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

புதன்கிழமை பதினோரு மணி. பிரின்ஸிபால், இன்னொரு வயதான ஆசிரியர், எங்கள் வகுப்பு ஆசிரியை. வகுப்பு ஆசிரியைக்கு முப்பது வயது இருக்கும். தாளைச் சுற்றி அனுப்பியது அவர்தான். தாளில் இருக்கும் கையெழுத்தையும் பெஞ்சில் இருக்கும் தலையையும் எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்ததும் அவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேங்க் ஆபீசர் எங்கும் தென்படவில்லை.

உட்காரச் சொல்லவில்லை. நின்றேன். நாக்கு நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ரெண்டு நாள் முழுக்க அதைப் பற்றியே யோசித்திருந்தும் வந்து நின்றது. தப்பா இருந்தாப் பொறுத்துக்கங்க. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"சார், அந்தக் கடிதத்த நான் வாபஸ் வாங்குதேன். அதுல இருக்கது உண்மை இல்ல."

"நிங்ஙள் தன்னே ஒப்பிட்டதல்லே?" நீங்களே கையெழுத்துப் போட்டதுதானே.

"ஆமா. கையெழுத்து என்னோடது. தப்பு என்னோடது இல்ல."

வயதான ஆசிரியர் பெருமூச்சு விட்டார். சட்டம் படிக்க வந்தவள் இப்படியா பேசுவது என்று இருந்திருக்கும். நான் வகுப்பு ஆசிரியை பக்கம் திரும்பினேன்.

"மிஸ், மண்ணு இடிஞ்ச மறுநா, திங்கக்கெழம காலையில நான் ஒங்களுக்குப் போன் பண்ணுனேன். மேட்டுல ஏறி நின்னாத்தான் சிக்னல் கிடைக்கும். மழையில நனைஞ்சுக்கிட்டே பேசுனேன். ரோடு மூடியிருக்கு, இந்த வாரம் வர முடியாது, லீவு போட்டுக்கங்கன்னு சொன்னேன். சொன்னனா இல்லையா?"

அவர் மேஜையில் இருந்த தாள்களையே பார்த்தார். எனக்கு அவர் நிலைமை புரிந்தது. ஆமாம் என்றால், லீவு என்று தெரிந்த மாணவிக்கு நாலு நாள் வருகை போட்டுக் கொடுத்தவர் ஆகிவிடுவார். இல்லை என்றால் நான் முடிந்தேன். நின்று நின்று என் முட்டி வலிக்க ஆரம்பித்தது. இவர் இல்லை என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"விளிச்சிருந்நு, சார்" என்றார். கூப்பிட்டிருந்தார்.

பிரின்ஸிபால் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு வேறு ஒரு மெமோ இருந்தது.

நான் விடவில்லை. "கள்ளக் கையெழுத்துப் போட ஆள் வச்சவ, நான் வரமாட்டேன்னு டீச்சருக்கே போன் பண்ணிச் சொல்லுவாளா சார்? அந்தக் கடிதத்தப் பாருங்க. அது என் எழுத்தா? என் எழுத்து கோழி கெளறுனது மாதிரி இருக்கும். என் விடைத்தாள் ஒங்க கிட்ட இருக்கு, எடுத்துப் பாருங்க."

கடிதத்தை எடுத்தார். வயதான ஆசிரியரிடம் நீட்டினார். அவர் பார்த்ததும், "இத ஞான் கண்டிட்டுண்டு" என்றார். பார்த்திருக்கிறேன். வகுப்பில் அப்படிச் சாய்த்து எழுதும் ஆள் ஒருவர்தான்.

யார் என்று பிரின்ஸிபால் என்னைக் கேட்டார். பேரைச் சொன்னேன். ஒரே தடவை, சத்தமாகச் சொன்னேன்.

அவரைக் கூப்பிட ஆள் போனார். அவர் தூரத்தில் இல்லை, அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாராம். காலையிலிருந்தே. வந்து நின்றார். சட்டை இஸ்திரி போட்டு, நெற்றி சுத்தமாக, ஏதோ இண்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி. அதற்குள் அவருடைய அப்ளிகேஷன் பாரத்தை ஃபைலிலிருந்து எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

"டிராஃப்ட் பண்ணிக் குடுத்தேன் சார். ஒரு ஹெல்ப்பாட்டு. அவ்வளவே உள்ளூ" என்றார். உதவியாகச் செய்தேன், அவ்வளவுதான்.

"தாளில் ஒப்பிட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்ல மாட்டேனா, தெரியாது சார் என்று இழுக்க மாட்டேனா என்று பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார். அவாளுக்குத் தெரியாது."

ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. மனசாட்சி என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். மேஜையில் இருந்த பாரமாகவும் இருக்கலாம். முப்பத்து நாலு வருடம் கையெழுத்துப் பார்த்தவருக்கு அதில் தப்ப முடியாது என்று தெரிந்திருக்கும்.

முடிவை அங்கேயே சொன்னார்கள். நாலு நாளும் எனக்கு லீவு. அதைக் கழித்தாலும் பரீட்சைக்கு வேண்டிய வருகை எனக்கு இருந்தது. பேங்க் ஆபீசரை, அவர் வயதையும் பேங்க்கில் இத்தனை வருட நல்ல சேவையையும் கருதி எச்சரிக்கையோடு விடுகிறார்கள். ரெண்டு பேரும் பரீட்சை எழுதலாம். வயதைக் கருதி என்ற வார்த்தை என்னைக் குத்தியது. செய்யாத தப்புக்கு நான் ஒரு வருடம் இழக்க வேண்டும் என்று மெமோ கொடுத்தவர்கள், செய்தேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு வயதைக் கருதுகிறார்கள். என் வயதை யாரும் கருதவில்லை. கடிதம் வாபஸ் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "மதி, மதி. போய்ப் படிக்கு" என்றார் பிரின்ஸிபால். போதும், போய்ப் படி. அவர் மேஜையிலேயே ஒரு தாளை இழுத்து, கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று தமிழில் நாலு வரி எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவர் அதை எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் பரீட்சை. பத்து மணிக்கு ஆரம்பம். ஒன்பதரைக்கு ஆபீஸ் ஜன்னலில் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். ரெஜிஸ்டரில் பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் பார்க்காமலே போட்டுவிட்டுப் போனார்கள். என் முறை வந்ததும் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வாசித்தேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் என் பேருக்கு நேரே இங்கிலீஷில், ஒழுங்கீனத்துக்காக எச்சரிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டவர் என்று இருந்தது. அவர் பேருக்கு நேரேயும் அதுவே. ஒரே கை, ஒரே மை.

"சேச்சி, ஒப்பிடு. பின்னில் ஆளுண்டு" என்றார் கிளர்க். கையெழுத்துப் போடு, பின்னால் ஆள் நிற்கிறது.

"இத அடிங்க. என்னை யாரும் எச்சரிக்கல."

"அதொக்கெ பின்னெ நோக்காம்." அதெல்லாம் பிறகு பார்க்கலாமாம்.

"பின்னெ கிடையாது. இப்ப."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்குப் பின்னால் நாலாவது ஆளாக பேங்க் ஆபீசர் நின்றார். அந்த ஐந்து நாளில் அவர் என்னிடம் பேசவே இல்லை. இப்போது கழுத்தை நீட்டினார்.

"விட்டுடுங்கோ. ஒரு வரிதானே. நேரம் ஆயிடுத்து, முதல்ல பரீட்சை எழுதுங்கோ."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளர்க் என்னை முறைத்துவிட்டு எழுந்து பிரின்ஸிபாலைத் தேடிப் போனார். ஒன்பது நாற்பத்தைந்து. பிரின்ஸிபால் மாடியில் பரீட்சை ஹாலில் இருந்தார். ஒன்பது ஐம்பது. கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம். போடாவிட்டால், அவர் வராவிட்டால், என் கையாலேயே ஒரு வருடத்தைத் தொலைத்தவளாவேன். என் வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு வரிதான். ஆனால் என்றைக்காவது கோர்ட்டில் பேர் பதியப் போகும்போது அந்த ஒரு வரியைத்தான் யாராவது தூக்கிக் காட்டுவார்கள். உங்கள் கையெழுத்துதானே இது என்று கேட்பார்கள். கம்பியை விடவில்லை. பின்னால் ஒரு பையன், "இந்தச் சேச்சிக்கு எந்தா பிராந்தோ?" என்றான். பைத்தியமா என்று.

ஒன்பது ஐம்பத்தேழுக்குப் பிரின்ஸிபால் வந்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிளர்க்கின் பேனாவை வாங்கி என் பேருக்கு நேரே இருந்த வரியை மட்டும் அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். அடித்தது சரியாக அடிபட்டிருக்கிறதா, அவர் கையெழுத்து அதன் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அப்புறம் என் கையெழுத்தைப் போட்டேன். ஹால் டிக்கெட்டை வாங்கினேன்.

ஹால் ரெண்டாவது மாடியில். முட்டி வலியோடு அந்தப் படியை ஏறுவதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லாரும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் நின்ற மேற்பார்வை ஆசிரியர் ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார்.

"ஆபீஸ்ல லேட்டாக்கிட்டாங்க" என்றேன்.

கையை நீட்டிக் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.